பல்லுக்குக் கறுப்பு

மடியிலிருந்த தலையின் வாயை ஷினோ இரண்டு விரலால் திறந்தாள்.

வெள்ளைப் பல். கீழ்வரிசையில் ஒன்று இல்லை. இடுக்கில் ஒரு வாற்கோதுமை உமி.

"உழுது பிழைச்சவன். நெத்தியில வயக்காட்டுத் தொப்பிக்கயிறு கட்டின தழும்பைப் பாருங்க. இவனைப் போயா வெட்டிக் கொண்டாந்தீங்க?"

அவள் புருஷன் யாஹெய், ஈட்டிப் படையில் கடைசி வரிசைக்காரன், ஒரு கண்ணை வாசலில் வைத்தபடி குந்தியிருந்தான்.

"கிடைச்சவன் அவன்தான். பிரபு வீட்டுப் பிள்ளை என்கிட்ட வந்து கழுத்தை நீட்டுவானாக்கும்? நீ கறுப்பைத் தீட்டு புள்ள. தீட்டிட்டா இவனும் பிரபுதான்."

சுற்றியிருந்த பெண்கள் தங்கள் மடியிலிருந்த தலைகளைச் சீவிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களும் தீட்டியவர்கள்தான். எதிரியின் தலையைக் கழுவி, மாவு பூசி, கோட்டைத் தலைவர் பார்வைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பல் கறுத்திருந்தால் பெரிய இடத்துச் சாமுராய். வெளுத்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

யாஹெய்க்குப் பதவி ஆசையெல்லாம் கிடையாது. உயிர் ஆசைதான். நாளைக் காலை கீழைவாசல் திறக்கும்போது, கோட்டையை வளைத்திருக்கும் எதிரியோடு மோத வெளியே போகிறவர்களில் அவனும் ஒருவன். நேற்று போன நாற்பது பேரில் திரும்பியது மூன்று பேர். பெரிய தலை கொண்டுவந்த கான்ரோக்குவை மட்டும் போன மாதம் உள்முற்றத்துக் காவலுக்கு மாற்றினார்கள். அவன் இன்னும் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறான்.

ஷினோ தன் சட்டியை இழுத்தாள். இரும்புத் துண்டுகளைக் காடியில் ஊறவைத்துச் சுடவைத்த தண்ணீர். கல்யாணமானவளும் பல்லைக் கறுக்க வேண்டும் என்று, கல்யாணத்தன்று மாமியார் கொடுத்த சட்டி. தன் பல்லுக்குத் தீட்டும் அதே தூரிகையை நனைத்து, மாசிக்காய்த் தூளில் தொட்டு, மடியிலிருந்தவன் பல்லில் வைத்தாள்.

மூன்று பூச்சில் பல் மையாகக் கறுத்தது. உமியை ஊசியால் நெம்பி எடுத்தாள். தழும்பின்மேல் மாவை அப்பினாள். புருவத்தை மழித்து, பிரபுக்களுக்கு இருப்பதுபோல நெற்றியில் இரண்டு பொட்டாக வரைந்தாள்.

இடது கண்தான் மூடுவேனா என்றது. தரையையே பார்த்தது. மண்ணைப் பார்க்கிற தலை, வெட்டியவன் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். சோற்றுப் பசையைத் தடவி, இமை ஒட்டும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சுக்கய்யா," என்றாள் அதன் காதருகே குனிந்து. "பெத்தவளுக்கே அடையாளம் தெரியாம ஆக்கிட்டேன்."

யாஹெய் தலையைப் பலகையில் ஏந்திக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் கீழ்க்கூடத்திலிருந்து ஆரவாரம் கேட்டது. ஷினோவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிழைத்தான், பாவி மனுஷன்!

திரும்பி வந்தவன் முகத்தில் ரத்தமில்லை.

"கண்ணு தொறந்துக்கிச்சா?"

"இல்ல. ராஜகளையா இருந்துச்சு. தலைவரே எழுந்து நின்னு பார்த்தாரு."

"அப்புறம் என்னங்க?"

"இப்பேர்ப்பட்டவனைச் சாய்ச்ச கைக்கு முற்றத்துக் காவலான்னு கேட்டாரு. நாளைக்கு முதல் ஈட்டி என்னோடதாம். வாசல் தொறந்ததும் எல்லாருக்கும் முன்னாடி நான்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. முதல் ஈட்டியைவிடப் பெரிய மரியாதை அந்தக் கோட்டையில் இல்லை. வேண்டாம் என்றவன் இன்றைக்கே வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஷினோ நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ஐயோ, என் கையாலயே செஞ்சுட்டேனே!"

யாஹெய் அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். அதில் இன்னும் சூடு இருந்தது.

"முதல் ஈட்டிக்காரன் தலை எப்படியும் எதிரி பாளையத்துக்குப் போய்ச் சேரும். நீயே தீட்டி அனுப்பிடு புள்ள. அங்க எவளோ ஒருத்திக்கு வேலை மிச்சம்."

வாயைத் திறந்தான்.

ஷினோ தூரிகையை நனைத்துக்கொண்டு குனிந்தாள். அவன் பல்லிடுக்கிலும் ஒரு வாற்கோதுமை உமி இருந்தது.