ரெண்டு வேளை பம்ப்

நமுனுகுல தோட்டத்து அற்புதராஜ் மூன்றாம் மாதமும் இழுப்போடுதான் பதுளை கிளினிக்குக்கு வந்தார். கூடவே மனைவி இருதயம்மா.

"ஆஸ்துமாவுக்குப் பம்ப் தந்தனான். பிறகும் ஏன் இழுக்குது? நான் சொன்னது விளங்கேல்லையோ?" என்று பாய்ந்தார் டொக்டர் ஆரூரன்.

"விளங்குச்சுங்க. காலையும் சாயங்காலமும், ஒருநாளும் விடாம, பயபக்தியோடன்னு சொன்னீங்க. அப்படியேதான் செய்றோம்" என்றார் இருதயம்மா.

இவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியும் பயனில்லை என்று நொந்துகொண்டார் டொக்டர். சொன்னது ஒரே தடவை, அதுவும் தலை நிமிராமல்.

"எங்க, பம்பைக் காட்டுங்கோ."

இருதயம்மா எடுத்துக் கொடுத்தார். பிரிக்காத இன்ஹேலர் பெட்டி, சாம்பிராணி வாசம் அடித்தது.

"அந்தோனியார் படத்துக்கிட்ட வச்சு, ரெண்டு வேளையும் சாம்பிராணி போடுறோங்க. இவரும் பக்கத்துலயே முட்டிபோட்டு, இருமிக்கிட்டே செபம் சொல்றாரு. இன்னும் என்னங்க செய்யணும்?"