பதினைந்தாவது போர்வை

போர்வையின் மூலையில் தையல் விட்டிருந்தது. உள்ளே மஞ்சள் தெரிந்தது.

அவன் விரலை விட்டு இன்னும் கொஞ்சம் பிரித்தான்.

கடுகுப்பூ மஞ்சள். சிவப்புக் கட்டம்.

அவன் மனைவி வல்லி மஞ்சள் சேலை கட்டியதே இல்லை. காமாலை வந்தவள் மாதிரி இருக்கும் என்பாள்.

அவள் இறந்த பிறகு பீரோவைத் திறந்து அவளுடைய ஏழு சேலைகளையும் அவளைப் பெற்ற அத்தையிடம் எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். அவற்றில் இது இல்லை.

எட்டு மாதமாக இதைத்தான் போர்த்தியிருக்கிறான். இதில்தான் முகம் புதைத்திருக்கிறான். சில நாள் பேசியும் இருக்கிறான்.

வல்லி வீட்டுப் பெண்களின் வழக்கம் அது. இறந்தவளின் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேர்த்துத் தைத்து, ஒரு போர்வை ஆக்குவார்கள். மேலே வெள்ளை வேட்டித் துணியால் மூடிவிடுவார்கள். போனவளின் நிறம் வெளியே தெரியக் கூடாது.

தலைமுறைக்கு ஒன்றோ இரண்டோ.

வல்லிதான் அதைப் படம்பிடித்து, இணையத்தில் போட்டு, உலகத்துக்குக் காட்டினாள். ஊர் ஊராகச் சேலை மூட்டைகள் கோவில்பட்டிக்கு வரத் தொடங்கின. முன்னறையில் ஆறு பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள்.

வெளியே எல்லாம் ஒரே வெள்ளை. ஓரத்தில் எண் தைத்துவிடலாமே என்று அவன் ஒருமுறை சொன்னான்.

"செத்தவகளுக்கு நம்பரா? ஜெயிலா நடத்துறோம் மாப்ள?" என்றாள் அத்தை.

தைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். வல்லிதான் அதிகம் சிரித்தாள்.

எனவே எண் இல்லை. முதலில் வந்த ஆர்டர் மேலே இருக்கும்படி தகரப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்குவார்கள். மேலிருந்து எடுத்து, முகவரி ஒட்டி அனுப்புவார்கள். வரிசை ஒருநாளும் தவறியதில்லை.

வல்லி போன மாதம் பதினான்கு ஆர்டர்கள். அவளுடையதோடு பதினைந்து.

அந்த முறை பார்சல் கட்டியது அவன்.

அத்தை நூல்கண்டோடு உள்ளே வந்தாள். அவன் மூலையைத் தூக்கிக் காட்டினான். அவள் குனிந்து, கட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது சேலத்துக்காரவுக ஆத்தா சேலையில்ல? கடைசி ஆர்டரு."

"வல்லியோடத எங்க வச்சீங்க அத்தை?"

"மேலதான். எம் புள்ள தலைமேல இன்னொருத்தியத் தூக்கி வப்பனா?"

அவன் வளர்ந்த வீட்டில் விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் வீட்டார் உட்காருவார்கள். நம்முடையது கடைசியில்தான் இருக்கும் என்று நினைத்தான். யாரையும் கேட்கவில்லை. மேலிருந்து பதினான்கை அனுப்பிவிட்டு, அடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டான்.

வல்லி முதல் முகவரிக்குப் போனாள். முதல் முகவரிக்காரரின் அம்மா இரண்டாவதுக்கு. அப்படியே கடைசிவரை.

பதினான்கும் தப்பு.

அந்தப் பதினான்கு பேரும் எழுதியிருந்தார்கள். அம்மா வாசம் அப்படியே இருக்கிறது. அக்கா வாசம் அப்படியே இருக்கிறது. அவற்றை எல்லோரும் பார்க்கும்படி போட்டவனும் அவன்தான். படித்துவிட்டு மேலும் அறுபது பேர் சேலை அனுப்பினார்கள்.

பெட்டியில் போடுவது நொச்சி இலை. பூச்சி வராமலிருக்க.

அவனும் அதைத்தான் முகர்ந்திருக்கிறான்.

"மொத ஆர்டரு யாரு?" அத்தையின் குரல் இறங்கியிருந்தது.

"திருச்சி."

"கேளுங்க மாப்ள. எம் புள்ளையத் திருப்பித் தரச் சொல்லுங்க. விசயம் வெளிய தெரிஞ்சு கடை போனாப் போகுது."

அவன் கைபேசியில் எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான்.

போர்வையின் தையலில் ஒரு பிழை. திருப்பி அனுப்பினால் சரிசெய்து தருகிறோம்.

பதில் உடனே வந்தது.

'சார், அப்பா போன வாரம் தவறிட்டாங்க. அம்மா போர்வையைப் போர்த்தித்தான் தூக்கிட்டுப் போனோம். ரெண்டு பேரையும் ஒண்ணா எரிச்சாச்சு. கடைசிவரைக்கும் பிரியலை. உங்களுக்குக் கோடி புண்ணியம்.'

அவன் இரண்டு முறை படித்தான்.

ஆழ்ந்த இரங்கல் என்று எழுதினான். எட்டு மாதம் முன்பு அவனுக்கு வந்ததும் அந்த இரண்டு வார்த்தைகள்தான். அனுப்பினான்.

"என்ன சொல்றாக?"

அத்தைக்குக் கைபேசி எழுத்து தெரியாது. கண்ணாடி போட்டாலும் தெரியாது.

"பத்திரமா இருக்காம். பிரிய மனசில்லையாம். தரமாட்டாங்களாம்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிரிந்த மூலையை மடிக்கு இழுத்தாள்.

"போகட்டும் மாப்ள. யாரோ ஒரு புள்ள எம் மகளக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குதுல்ல."

ஊசியை அவனிடம் நீட்டினாள்.

அவன் நூல் கோத்துக் கொடுத்தான்.