புதுசுதான் வேணும்!

கேமராக் கடைக்குள் கால் வைத்ததிலிருந்து, மூக்கையும் வாயையும் பொத்திய கைக்குட்டையை அவர் எடுக்கவே இல்லை. பழைய சாமான் தூசி ஒத்துக்கொள்ளாதாம். கடையோ கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

மனைவி அவருக்கு வைத்திருந்த செல்லப் பெயர் கஞ்சப்பிரபு. பற்பசைக் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்துப் பல் தேய்க்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர், "எதுக்கு செகண்ட் ஹேண்டு? வேற கடைக்குப் போயி புதுசே வாங்கிடலாம்" என்றதும், மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே! இருந்த கேமராவ பஸ்ஸுல திருட்டுக் குடுத்துட்டு வந்தவருக்குப் புதுசு ஒரு கேடா?"

"நான் என்ன பண்றது? ஆறடி ஆளு, பைய அறுத்துட்டு ஓடிட்டான்!"

"போன வாரம் குள்ளன்னு சொன்னீங்க."

அவர் தும்மினார். மனைவி கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, தொலைஞ்ச அதே மாடல்ல, சரி பண்ணி விக்கிறது ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். "மேல்மூடி புதுசு, லென்ஸ் புதுசு, பேட்டரி புதுசு. கேரண்டியும் உண்டும்மா."

"வாங்காத" என்று கைக்குட்டைக்குள்ளிருந்து முனகல் கேட்டது. "வாளித் தண்ணில விழுந்ததா இருக்கும்."

"விழுந்தா என்ன சார்? பிரிச்சுக் காயவச்சு, பழைய படத்தையெல்லாம் அழிச்சாச்சு. இது ஆள அடையாளம் சொல்லும். முகத்தக் காட்டி ஒருதரம் பேரப் பதிஞ்சிட்டா, அப்புறம் எப்பப் பாத்தாலும் முகத்துக்குக் கீழ பேரு வந்துரும்."

"தெரியும், எங்களோடதுலயும் இருந்துச்சு." மனைவி கேமராவை இயக்கிக் கணவர் பக்கம் திருப்பினாள். "கைக்குட்டைய எடுங்க, சோதிச்சுப் பாக்கலாம்."

"மறுபடி தும்மல் வரும்." அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"மெமரி கார்டு இலவசம் சார்" என்றார் கடைக்காரர்.

"இலவசமாவா?" கைக்குட்டை கீழே விழுந்தது. ஆள் முழுசாகத் திரும்பிவிட்டார்.

திரையில் அவர் முகத்தைச் சுற்றி ஒரு கட்டம் வந்தது. கட்டத்தின் கீழே, யாரும் எதையும் பதியாமலே, ஆங்கில எழுத்துகளில் 'கஞ்சப்பிரபு' என்று வந்தது.

"ஏங்க... இது நம்ம கேமராங்க!"

ஒரு கணம் அவருக்கு வியர்த்தது. அடுத்த கணம் மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார்.

"பாத்தியா! அந்தத் திருட்டுப் பய இங்கதான் வந்து தள்ளிவிட்டிருக்கான். யோவ், மரியாதையா சொல்லு, இத உன்கிட்ட வித்தவன் யாரு?"

கைக்குட்டை இல்லாத அந்த முகத்தைக் கடைக்காரர் அப்போதுதான் உற்றுப் பார்த்தார்.

"நீங்கதான் சார்."