ஒன்பது குழி

“ஒன்பது குழி. நாலு அங்குல அகலம், நாலு அங்குல ஆழம். அதுக்கு மேல ஒரு விரக்கடை கூட வேணாம்” என்றார் ரெங்கசாமி.

கடப்பாரையும் கையுமாக நின்ற பக்கத்து வயல்காரன் குணசேகரன் அறுவடை முடிந்த வயலை ஒரு முறை பார்த்தான், அவரை ஒரு முறை பார்த்தான். “நாலு அங்குலத்துல என்னண்ணே நடப் போறீங்க, வெங்காயமா?”

“தோண்டுய்யா, சொல்றேன்.”

பூதலூர் பக்கம் அந்த மாசியில் எல்லா வயலிலும் உளுந்து தழைத்திருந்தது. ரெங்கசாமி மட்டும் ஒன்றரை ஏக்கரைச் சும்மா போட்டிருந்தார். மனைவி இறந்துபோன இந்த நாலு வருஷத்தில் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. ஆகத்தான் செய்திருந்தது. ஆனால் அவர்கள் நினைத்த மாதிரி இல்லை.

ஒரே மகன் பரணிதரன் கனடாவில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவான். அந்த ஊரில் அப்போது காலை நேரம். மூன்று நிமிஷம் ஆவதற்குள், “அப்பா, கோல்ஃபுக்கு நேரமாச்சு. வச்சிடட்டுமா?” என்பான்.

ஆறு வருஷமாக இப்படித்தான், ஒரு வாரம்கூடத் தப்பியதில்லை. இந்தத் தை மாதத்தில், கார் கூரை வரைக்கும் பனி மூடிக் கிடக்கிற படத்தை அனுப்பிவிட்டு அன்றைக்கும் ஆடத்தான் கிளம்பினான். “கொட்டற பனியிலயும் விட மாட்டேங்கிறான், பாருங்க” என்று ரெங்கசாமி அந்தப் படத்தை டீக்கடை முழுக்கக் காட்டினார்.

ஊருக்கு வந்தால் மட்டும் அவனுக்கு இரண்டு நாள் தாங்காது. “இங்க என்னப்பா இருக்கு” என்று பெட்டியைக் கட்டிவிடுவான். லீவில் மிச்ச நாளெல்லாம் சென்னையில் நண்பர்களோடு கழியும். அவன் போன மறுநாள் கழுவுவதற்கு ஒரே ஒரு தட்டுதான் இருக்கும்.

சித்திரையில் பத்து நாள் லீவில் வருவதாகச் சொல்லியிருந்தான். அந்தப் பத்து நாளும் அவன் தன்னோடு இருக்க வேண்டும். ரெங்கசாமிக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் குணசேகரன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். “தம்பி விளையாடறதுக்கா உளுந்த விட்டீங்க?”

“இங்க ஒண்ணும் இல்லங்கிறான்ல. இருக்கட்டுமே.”

குணசேகரன் மறுபடி கடப்பாரையை எடுத்தான். ஒன்பது குழியையும் தோண்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

போர் போட்டபோது மிஞ்சிய நாலு அங்குல பிவிசி குழாயை நறுக்கி ரெங்கசாமி குழிகளில் இறக்கினார். சுற்றிலும் அருகம்புல்லைத் தண்ணீர் விட்டு வளர்த்து, தலைமுடி வெட்டுகிற மாதிரி ஒட்டக் கத்தரித்தார். உரச்சாக்கைக் கிழித்து மூங்கில் குச்சிகளில் கொடி கட்டினார். இரண்டு மட்டையும் ஆறு பந்தும் கூரியரில் வந்தன. மகன் முன்னால் அசடு வழியக் கூடாது என்று, மட்டையைப் பிடிப்பது எப்படி என்பதற்கே போனில் பதினோரு வீடியோ பார்த்தார்.

ஆட்டம் எப்படிப் போக வேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். காலை ஆறு மணிக்கு மோட்டார் கொட்டகையில் ஆரம்பம். அவசரமே கூடாது. ஐந்தாவது குழி புங்கமரத்து நிழலில், அங்கே ஃபிளாஸ்க் காபி. வெயில் ஏறுவதற்குள் வாய்க்கால் கரையில் ஒன்பதாவது.

இந்த ஆட்டத்தில் அடிப்பது கொஞ்சம், நடப்பதுதான் அதிகம் என்று வீடியோ பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார். நடந்தால் பேசலாம். மகனோடு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசி எத்தனை வருஷமாகிவிட்டது.

சனிக்கிழமை பரணி வந்து இறங்கினான். ராத்திரி சாப்பாட்டிலேயே, “திங்கக்கிழமை சென்னைக்கு டிக்கெட் போட்டுட்டேம்ப்பா” என்றான்.

ரெங்கசாமி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். “காலையில சீக்கிரம் எந்திரிப்பா. வயலு வரைக்கும் போயிட்டு வருவோம்” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வரப்பில் ஏறிய பரணி அப்படியே நின்றுவிட்டான். எதிரே ஒன்பது கொடிகள் காற்றில் படபடத்தன.

“என்னப்பா இது?”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பனியிலகூட ஒரு வாரம் விட்டதில்ல நீ. அப்பாவைப் பார்க்க வந்து உன் ஆட்டம் கெட வேணாமேன்னு பார்த்தேன்.” ரெங்கசாமி மட்டையை நீட்டினார். “நாளைக்கும் ஆடலாம், அடுத்த வாரம் பூராவும் ஆடலாம். நம்ம எடந்தான்.”

பரணி மட்டையை வாங்கினான். கத்தரித்த புல்லைப் பார்த்தான், குழிக்குள் இறங்கியிருந்த குழாயைப் பார்த்தான், அப்பாவின் காய்ப்பேறிய கையைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்தார் ரெங்கசாமி.

“பழகினவன் நீ. நீயே மொதல்ல அடி” என்று பந்தை மண்ணில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

பரணி அடிக்கவில்லை. மட்டையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“இதை எப்படிப்பா பிடிக்கிறது?”