ஓர் ஆம்பியர்

ஓசூர் லைன் வீட்டின் சன்னல் வழியே சாயங்கால வெயில் மேசைமேல் விழுகிறது. அதில் மேனேஜரின் பொம்மை ரயில் இன்ஜின் சக்கரங்களைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடக்கிறது. பக்கத்தில் நகமளவில் இரண்டு டிகோடர்கள். ஒன்றை உள்ளே பொருத்தினால்தான் இன்ஜின் ரிமோட்டுக்குக் கட்டுப்படும். "விலை குறைஞ்சதையே போடு" என்று சொல்லித்தான் மேனேஜர் பாஸ்கரனிடம் கொடுத்திருக்கிறார். அது ஓர் ஆம்பியருக்கு மேல் தாங்காது, கருகிவிடும். அவனை வேலையில் நிரந்தரமாக்க வேண்டியவரும் அவர்தான். சக்கரத்தைச் சுற்றவிடாமல் ஒரே ஒரு நொடி அழுத்திப் பிடித்தால், மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று மீட்டர் காட்டிவிடும். அவன் கண் மீட்டரில் இருக்க வேண்டும். மனைவி ராசாத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "நான் சொல்ற வரைக்கும் விட்றாத." மோட்டார் முனகுகிறது. மீட்டரின் முள் ஒன்றைத் தாண்டி நின்று ஆடுகிறது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறான். முள் மெல்ல இறங்குகிறது. ஒன்றுக்குக் கீழே வந்தும் இன்னும் இறங்குகிறது. அவன் முகம் தெளிகிறது. "மலிவானதே போதும், ராசாத்தி." முனகல் அடங்கிவிட்டதை அவன் கவனிக்கவில்லை. மோட்டாரிலிருந்து அவள் விரல்களுக்கிடையே நூலாகப் புகை எழுகிறது.

"சுடுதுங்க," என்கிறாள், விரலை எடுக்காமல். "விட்டுரவா?"