பொன்னாடைக்குப் பதில்

"பராசக்தி ரீச்சர் இந்த முறையும் ஏலாது எண்டிட்டா. என்ன மனுசியோ தெரியேல்லை."

மருதனார்மடம் ஆவணக் காப்பகத்தின் தலைவர் வாகீசன் வந்ததும் வராததுமாகக் கதிரையில் விழுந்து பொருமினார்.

ரீச்சரின் தகப்பன் மலாயாவில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னும் பின்னும் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய, ரீச்சரின் கட்டிலுக்குக் கீழே கிடந்தன. காப்பகம் கேட்டது அவற்றைத்தான்.

"பிள்ளையுமில்லை, குட்டியுமில்லை. போகேக்கை கொண்டு போகப்போறாவோ? வைக்கல்பட்டடை நாய்" என்றார் செயலாளர் உதயகலா.

ஊரும் அதைத்தான் சொன்னது. தாய் தகப்பனின் கடிதங்களைப் பழைய பேப்பரோடு நிறுத்துப் போட்டவர்கள்கூட ரீச்சரைச் சுயநலக்காரி என்றார்கள். ஊர் வாய்க்கு வெட்கம் ஏது?

வாகீசன் விடவில்லை. மறுபடியும் போனார்.

"ரீச்சர், உது உங்கடை சொத்தில்லை. எங்கடை இனத்தின்ரை சொத்து."

"ஐயா என்ரை அம்மாவுக்கு எழுதினது, தம்பி. நான் கவனமாய்த்தான் வைச்சிருக்கிறன். அடிக்கடி வேப்பிலை மாத்துறனான்."

"வேப்பிலையோ?" வாகீசனுக்குச் சிரிப்பு வந்தது. "எங்களிட்டை ஏசி அறை இருக்கு. இரும்பு அலுமாரி இருக்கு. எங்களிட்டை வந்தது பிறகு எங்கையும் போகாது. உங்களுக்குப் பிறகு உதை ஆர் பாக்கிறது, சொல்லுங்கோ?"

ரீச்சருக்கு எண்பது தாண்டிவிட்டது. தன் கண்ணுக்குப் பிறகு அந்தப் பெட்டியை யார் திறப்பார், என்ன செய்வார் என்ற பயம் அவரையும் தின்றுகொண்டுதான் இருந்தது.

"உங்கடை காப்பக விழா நாளிலை நானே கொண்டுவாறன்" என்றார் கடைசியில்.

விழா தொடங்கியது. மேடையில் இருந்தவர்கள் ஒருவர் விடாமல் மங்கல விளக்கில் ஆளுக்கொரு திரி கொளுத்தினார்கள். ரீச்சர் முன்வரிசையில், பெட்டியைக் கால்மாட்டில் வைத்தபடி இருந்தார்.

வாகீசன் மைக்கைப் பிடித்தார்.

"எங்கடை சனத்துக்கு வரலாற்றின்ரை அருமை தெரியாது. கட்டிலுக்குக் கீழை பூட்டி வைச்சுக்கொண்டு, கேட்டால் ஐயா எழுதினது, அம்மாவுக்கு எழுதினது எண்டு கதை சொல்லுவினம். எவ்வளவு கெஞ்ச வேண்டிக்கிடக்கு."

சபை சிரித்தது. எல்லோரும் முன்வரிசையைத்தான் பார்த்தார்கள். ரீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து, கனடாவிலிருந்து வந்திருந்த பிரதம விருந்தினர் சுபாஸைக் கௌரவிக்கும் கட்டம்.

"பொன்னாடை போர்த்திப் போர்த்தி அலுத்துப்போச்சு" என்றார் வாகீசன். "ஐயாவிட்டை இப்பவே ஒரு அலுமாரி பொன்னாடை இருக்கும். அதாலை நாங்கள் ஒரு புது மரியாதை தொடங்கியிருக்கிறம். எங்கடை காப்பகத்திலை இருக்கிற, நூறு வருசத்துக்கு முந்தி ஒரு பண்டிதர் கைப்பட எழுதின அசல் கடிதம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஐயாவுக்குக் குடுக்கிறம்."

கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. சுபாஸ் நெகிழ்ந்துபோனார்.

"எங்கடை வீட்டிலை செற்றிக்கு மேலை சுவரிலை ஒரு இடம் வெறுமையாக் கிடக்கு. இது அளவாய் வரும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு ரீச்சர் பெட்டியைக் கையளிக்கும் நேரம். பெயரைக் கூப்பிட்டால் கதிரை வெறுமை. ரீச்சர் வாசலில் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"பாத்தியளே, தன்ரை குணத்தைக் காட்டிப்போட்டா" என்றார் உதயகலா.

வாகீசன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ரீச்சர், என்ன வேலை செய்யிறியள்? திருப்பி வீட்டிலை கொண்டுபோய் வைச்சால் கறையான் திண்டுபோடும்."

"திங்கட்டும், தம்பி" என்றபடி ரீச்சர் ஓட்டோவில் ஏறினார். "கறையான் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆருக்கும் பரிசு குடுக்காது."