குரலுக்கு முன்னால்

"அந்தப் பெரியவரை இன்னும் எத்தனை நாள் இழுத்தடிப்பீங்க மேடம்?" லோஹித் கேட்டே விட்டான்.

ஷராவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அளவு சரியா வர்ற வரைக்கும்."

பெங்களூரில் எங்கள் கம்பெனி செய்வது ஹெட்போன். மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால் சத்தமும் கூடவே சுற்றக் கூடாது; பேசுகிறவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதுபோலக் கேட்க வேண்டும். ஆனால் கருவி கணக்குப் போட்டு முடிப்பதற்குள் தலை திரும்பிவிடும், சத்தம் பின்தங்கிவிடும். அதனால் தலை எந்தப் பக்கம் போகும் என்று அது முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். கருவியை அதற்குப் பழக்கத்தான் வெளியாட்களை வரவழைத்து உட்கார வைக்கிறோம்.

மற்றவர்கள் ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெரியவர் ஹாலப்பா மட்டும் சாமராஜபேட்டையிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி தினமும் வந்துகொண்டிருந்தார். மனைவி தவறிவிட்டார், தனிக்கட்டை.

சிக்கல் இதுதான். சோதனைக்கு ஷராவதி தன் குரலிலேயே ஒரு கேள்வியைப் பதிவு செய்திருந்தாள்: "சாப்பாடு ஆச்சா?" ஒரு தடவை வலப்பக்கம் கேட்கும், ஒரு தடவை பின்னால். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினால் போதும்.

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எவனால் இருக்க முடியும்? முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது நாங்கள் எல்லோருமே சொல்லிவிட்டு அசடு வழிந்தோம். ஹாலப்பா ஒவ்வொரு தடவையும் சொன்னார், தலையை ஆட்டி ஆட்டி.

"ஆச்சு தாயி. நீ சாப்ட்டியா?"

தலை ஆடினால் அளவு கெட்டுவிடும். மைக்கில் பதிவான பேச்சோடு சேர்ந்து அன்றைய வேலை குப்பைக்குப் போகும்.

"இன்னிக்கும் கெட்டுப்போச்சு சார். நாளைக்கு வாங்க," என்பாள் ஷராவதி. முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது.

"பதில் சொல்லாதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய்முத்து உதிர்ந்துடுமா?" என்று கேன்டீனில் நாங்கள் பொருமினோம். அவள் எங்களோடு சாப்பிட வந்தால்தானே முகத்துக்கு நேரே கேட்க? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் மேஜையில் தனியாகத்தான் டப்பாவைத் திறப்பாள். தலைக்கனம் என்றோம். நாங்களும் கூப்பிட்டதில்லை.

லோஹித்துக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் லிஃப்ட் வாசலிலேயே பெரியவரை மடக்கினான்.

"அஜ்ஜா, அது வெறும் ரெக்கார்டு. பதில் சொல்லாம தலையை மட்டும் திருப்புங்க. இன்னியோட உங்களுக்கு விடுதலை."

"ரெக்கார்டுன்னு தெரியும்ப்பா. ஆனா சாப்ட்டியான்னு ஒருத்தர் கேட்டா சும்மா இருக்கறது நல்லாவா இருக்கு?"

"அந்த மேடத்துக்கும் வேலை முடியணும்ல?"

அந்த வார்த்தைக்குத்தான் கட்டுப்பட்டார். அன்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேள்வி வலப்பக்கம் வந்தது, பின்னால் வந்தது. தலை திரும்பியது, வாய் திறக்கவில்லை.

திரையில் தலையசைவின் கோடு பிசிறில்லாமல் ஓடியது. ஷராவதி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா வந்துடுச்சு சார்."

"அப்போ நாளைக்கு?"

"வர வேண்டாம்."

ஹாலப்பா பையை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கதவு வரை போய்த் திரும்பி ஏதோ கேட்க வந்தவர், லோஹித்தைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

"எப்படி? ஒரே நிமிஷத்துல முடிச்சேன் பார்த்தீங்களா?" லோஹித் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். புண்ணியம் கட்டிக்கிட்டே என்று நாங்களும் முதுகில் தட்டினோம்.

மறுநாள் மதியம் ஒரு கேபிள் எடுக்க சோதனை அறைக்குப் போனேன். ஷராவதி எனக்கு முதுகைக் காட்டி, ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே அக்கி ரொட்டி டப்பா திறக்காமல் இருந்தது. திரையில் அந்தக் கெட்டுப்போன பதிவுகள், ஒன்றுகூட அழிக்காமல், எல்லாம் ஹாலப்பா பெயரில்.

அவள் தலை மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. அதற்கு அப்புறம்தான் ஹெட்போனிலிருந்து அந்தக் குரல் கசிந்தது.

"ஆச்சு தாயி. நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல சார்," என்றாள் ஷராவதி, காலி நாற்காலியைப் பார்த்து.